கண் விழித்த பிறகு: முழு மயக்க மருந்திலிருந்து தெளியும் நாட்களுக்கான வழிகாட்டி

அறுவை அரங்கின் கதவு திறந்து தள்ளுகட்டில் வெளியே வரும்போது, வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் முதலில் கேட்பது "கண்ணு முழிச்சுட்டாரா?" என்பதுதான். முழித்துவிட்டார், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் "ம்" கொட்டுகிறார் என்று தெரிந்தவுடன் பாதிப் பேர் காப்பி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அறுவை சிகிச்சை வார்டில் நெடுங்காலம் செவிலியராக இருந்த எனக்கு, உடனிருப்பவரின் வேலை அந்த நிமிடத்தில்தான் தொடங்குகிறது என்று படும். விழிப்பது வேறு, தெளிவது வேறு. முழு மயக்கம் கொடுக்கப்பட்டவர் விழித்த பிறகும் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் தன் நிலையைத் தானே சரியாகக் கணிக்கக்கூடியவராக இருப்பதில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல, நானே பாத்ரூம் போய்க்கிறேன்" என்று அவர் எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே இந்த வழிகாட்டி கட்டிலில் படுத்திருப்பவருக்கு மட்டுமன்றி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.

உள்ளே இன்னும் என்ன இருக்கிறது

முழு மயக்கம் என்பது ஒரே மருந்தின் வேலை அன்று. கையில் குத்திய ஊசிக்குழாய் வழியாகப் பால் போல வெள்ளையாக ஏறும் புரோபோஃபால் தூங்க வைக்கிறது. செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் போன்ற ஆவி மருந்துகள் அந்தத் தூக்கத்தை நீட்டிக்கின்றன. ஃபென்டனில் அல்லது மார்ஃபின் வலியை அடக்குகிறது. வெக்குரோனியம், அட்ராக்குரியம் போன்றவை தசைகளைத் தளர்த்துகின்றன. அறுவை முடிந்ததும் ஆவி மருந்தை நிறுத்தி, தசைத் தளர்வை முறிக்கும் மருந்தையும் கொடுத்து எழுப்புகிறார்கள். ஆனால் புரோபோஃபால் கொடுத்தவர் சில நிமிடங்களில் விழித்துக்கொள்வதற்குக் காரணம், அந்த மருந்து உடலை விட்டுப் போய்விட்டது என்பதன்று. மூளையிலிருந்து இறங்கித் தசைக்கும் கொழுப்புக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அங்கிருந்து அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதனால்தான் மாலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று பாதி வாக்கியத்தில் உறங்கிப் போகிறார்.

பதற்றம் தணிய மிடசோலம் கொடுக்கப்பட்டிருந்தால் நினைவும் சில மணி நேரத்துக்குச் சரியாகப் பதிவதில்லை. குடலிறக்க அறுவை முடிந்து வந்த பெரியவர் ஒருவர் தம் மகளிடம், "ஆப்பரேஷன் முடிஞ்சுதாம்மா?" என்று கால் மணி நேரத்துக்குள் நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் பதிலைக் கேட்டு, அப்போதுதான் அறிந்தவர் போல முகம் மலர்ந்தார். ஐந்தாம் முறை மகள் அழத் தொடங்கியபோது, இது மருந்தின் வேலை, நாளைக் காலையில் இந்தப் பேச்சே அவருக்கு நினைவிருக்காது என்று சொல்லித் தேற்ற வேண்டியிருந்தது. மறுநாள் அப்படியே ஆயிற்று.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. அறுவை மருத்துவர் வந்து, என்ன செய்தோம், எந்த மாத்திரை எத்தனை வேளை, எப்போது தையல் பிரிப்பது என்று நோயாளியிடம் சொல்லிவிட்டுப் போனால், அது சொல்லப்படாததற்குச் சமம். உடனிருப்பவர் அருகில் நின்று கேட்டு, ஒரு தாளிலோ கைப்பேசியிலோ குறித்துக்கொள்ள வேண்டும். காப்பீட்டுப் படிவமோ வேறு எந்தத் தாளோ அன்று அவரிடம் கையெழுத்துக்கு நீட்டப்படக் கூடாது.

முதல் சில மணி நேரம்

அரங்கை அடுத்த மீட்பு அறையில் எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதற்குக் கணக்கு உண்டு. 1970இல் ஆல்ட்ரீட் என்ற மயக்கவியல் மருத்துவர் வகுத்த மதிப்பெண் முறையே பல இடங்களில் இன்றும் பயன்படுகிறது: கைகால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், விழிப்பு, தோலின் நிறம் என ஐந்துக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவார்கள், நிறத்துக்குப் பதிலாக ஆக்சிஜன் அளவைப் பார்ப்பது பிறகு வந்தது. பத்துக்குக் குறைந்தது ஒன்பது வந்தால் வார்டுக்கு அனுப்பலாம். ஆகவே "ஏன் இன்னும் வெளியே விடவில்லை" என்று காவலாளியிடம் சண்டை பிடிப்பதில் பயனில்லை.

வார்டுக்கு வந்ததும் பலருக்கு உடல் தூக்கித் தூக்கிப் போடும். இது காய்ச்சல் குளிர் அன்று. குளிரூட்டப்பட்ட அரங்கில் உடல் சூட்டை இழந்ததும், மயக்க மருந்து உடலின் வெப்பக் கட்டுப்பாட்டைக் குலைத்ததும் சேர்ந்து வருவது. கம்பளி போர்த்தி, காலுறை மாட்டினால் பெரும்பாலும் அரை மணியில் அடங்கும். அடங்காவிட்டால் செவிலியரிடம் சொன்னால் ஊசி போடுவார்கள். சுடுநீர்ப் பையை மட்டும் காலருகே வைக்காதீர்கள், உணர்வு மந்தமாக இருக்கும் நேரத்தில் தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. தொண்டை கரகரப்பு, மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தியதால் வருவது. இரண்டொரு நாளில் போய்விடும். வாய் வறட்சியும் பார்வை மங்கலும் உடன் கொடுக்கும் மருந்துகளால் வருபவை. கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்திக்கொண்டே இருந்தால் மட்டும் சொல்லிவிடுங்கள், கருவிழியில் கீறல் இருக்கக்கூடும்.

அடுத்த கேள்வி, எப்போது தண்ணீர் கொடுப்பது. வயிறு, குடல் சார்ந்த அறுவையாக இருந்தால் மருத்துவர் சொல்லும் வரை ஒரு துளியும் கூடாது. மற்றவற்றில், முழுதாக விழித்திருக்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார், இருமச் சொன்னால் வலுவாக இருமுகிறார் என்ற நிலையில் செவிலியர் சம்மதித்தபின் தொடங்கலாம். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி உட்கார வைத்து, தேக்கரண்டியால் இரண்டு மூன்று முறை வெறும் தண்ணீர் கொடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். படுத்த வாக்கில் டம்ளரை வாயில் கவிழ்ப்பதுதான் ஆபத்து. அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு விழுங்கும் அனிச்சை மந்தமாக இருக்கும். தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் பிறகு நிமோனியாவில் முடியும்.

தண்ணீர் நிறையக் குடித்தால் புண்ணில் சீழ் வைக்கும் என்று சொல்லி, மூன்று நாள் தொண்டை காய வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இதில் உண்மை இல்லை. சீழ் பிடிப்பது கிருமியால். தண்ணீர் குறைந்தால் தலைசுற்றலும் மலச்சிக்கலும் கூடும், சிறுநீர் மஞ்சளாகக் கடுத்துப் போகும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர் அளவு வகுத்திருந்தால் அது வேறு. மற்றவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள்.

முதல் உணவு கஞ்சி, இட்லி, ரசம் சாதம் என்று எளியதாக இருக்கட்டும். காரணம் புண்ணுக்குப் பத்தியம் என்பதன்று. இரைப்பை இன்னும் சோம்பிக் கிடப்பதால் எண்ணெயும் காரமும் குமட்டலைக் கிளப்பும் என்பதே. இரண்டு வேளை ஃபில்டர் காப்பி இல்லாமல் இருக்க முடியாதவருக்கு மாலையில் தலை விண்ணென்று வலித்தால், அது அறுவையின் வினையாகவே இருக்க வேண்டியதில்லை. காலையிலிருந்து காப்பி இறங்காததன் வினையாகவும் இருக்கலாம். குடிக்க அனுமதி கிடைத்த பின், வாந்தியும் இல்லை என்றால், அரை டம்ளர் காப்பி எந்தக் கேடும் செய்யாது.

குமட்டலும் வாந்தியும்

இது யாருக்கு வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். அப்ஃபெல் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1999இல் நான்கு காரணிகளைக் கண்டு சொன்னார்: பெண்ணாக இருப்பது, புகை பிடிக்காதவராக இருப்பது, முன்பு அறுவைக்குப் பின் வாந்தியோ பேருந்துப் பயண வாந்தியோ இருந்திருப்பது, அறுவைக்குப் பின் மார்ஃபின் வகை வலிமருந்து தேவைப்படுவது. ஒன்றும் இல்லாதவருக்கு வாய்ப்பு 10 சதவீதம். நான்கும் இருந்தால் 80 சதவீதம். புகை பிடிப்பவருக்குக் குறைவாக வருகிறது என்பதைப் படித்துவிட்டு யாரும் பீடியைத் தேட வேண்டாம். அவர் நுரையீரல் படும் பாடு கீழே வருகிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் ஜன்னலோர இருக்கை கேட்பவரா நீங்கள்? மயக்க மருந்து நிபுணர் அறுவைக்கு முன் வந்து பேசும்போது அதை அவரிடம் சொல்லுங்கள். வாந்தியைத் தடுக்கும் ஆண்டான்செட்ரானும் டெக்ஸாமெத்தசோனும் முன்கூட்டியே கொடுக்க அவருக்கு அது உதவும்.

வாந்தி வரும்போது தலையை ஒரு பக்கமாகத் திருப்பி விடுங்கள், முதுகைத் தட்ட வேண்டாம். வயிற்றில் தையல் இருந்தால் தலையணையை அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போகும் வண்டியில்தான் பலருக்கு மறுபடி குமட்டும் என்பதால், முன் இருக்கையைக் கொடுத்து, கையில் இரண்டு பாலித்தீன் பைகளும் இருக்கட்டும். மறுநாளும் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

எழுந்து நடப்பதும் சிறுநீர் கழிப்பதும்

என் அனுபவத்தில், வார்டில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை கழிவறைக்கும் கட்டிலுக்கும் இடைப்பட்ட பத்தடியில் நடப்பவை. படுத்தவர் முதலில் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி உட்கார வேண்டும். காலைத் தொங்கவிட்டபடி இரண்டு மூன்று நிமிடம் அப்படியே இருக்கட்டும்; அப்போது முகம் வெளுத்தாலோ நெற்றியில் வியர்வை துளிர்த்தாலோ உடனே படுக்க வைத்துவிடுங்கள். இல்லையென்றால் நிற்கலாம், நின்ற இடத்திலேயே நான்கைந்து மூச்சு, பிறகு நடை. கழிவறைக் கதவைத் தாழிடக் கூடாது. வெட்கம் இருந்தால் கதவை ஒருக்களித்துச் சாத்தி, வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்; பதில் நின்றால் உள்ளே போங்கள். தரையில் குந்தி உட்காரும் கழிவறையில், எழும்போதுதான் ரத்த அழுத்தம் சரிந்து கண் இருட்டும். வீட்டில் அது மட்டுமே இருந்தால், நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை முதல் சில நாட்களுக்கு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் சிறுநீர் பிரிய வேண்டும். மூலம், குடலிறக்க அறுவைகளுக்குப் பிறகும், புராஸ்டேட் வீங்கிய வயதான ஆண்களுக்கும் இது அடைத்துக்கொள்வது சாதாரணம். அடிவயிறு கல் போல உப்பி, முட்டிக்கொண்டு வந்தும் சொட்டுச் சொட்டாகவே போகிறது என்றால் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். ஒரு முறை குழாய் விட்டு எடுத்தால் தீர்ந்துபோகும். நடக்க முடியாத நேரங்களில் கணுக்காலை மேலும் கீழும் மடக்கி நீட்டிக்கொண்டிருப்பது, கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் எளிய வழி.

மூன்று பந்துக் கருவி

மயக்கத்தில் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நுரையீரலின் அடிப்பகுதியில் சிறு காற்றறைகள் கொஞ்சமாவது சுருங்கிவிடுகின்றன. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டால் அவை சுருங்கியே கிடந்து, சளி தேங்கி, காய்ச்சலில் கொண்டுபோய் விடும். இதற்காகத்தான் மூன்று வண்ணப் பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியை எழுதிக் கொடுக்கிறார்கள். அதை வாங்கி வருபவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு, ஊதுவது. பலூன் ஊதுவது போலக் கன்னம் உப்ப ஊதி, பந்து ஏறவில்லை என்று கருவியைக் குறை சொல்வார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்.

நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் மூச்சை முழுதும் வெளியே விட்டுவிடுங்கள். குழாயை உதடுகளால் இறுக்கிப் பிடித்து, இளநீரை உறிஞ்சுவது போல மெதுவாக உள்ளே இழுங்கள். ஒரு பந்து ஏறினாலும் போதும், அதை இரண்டு மூன்று விநாடி மேலேயே நிறுத்துவதுதான் பயிற்சி. மூன்றையும் ஒரே வீச்சில் மேலே எறிவது அன்று. விழித்திருக்கும் போது மணிக்குப் பத்து முறை செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் இடையே சாதாரணமாக மூச்சுவிடாமல் தொடர்ந்து இழுத்தால் தலை கிறுகிறுக்கும். பயிற்சி முடிந்ததும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுறை இருமி, சளியை வெளியேற்றிவிட வேண்டும். வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்து இதைச் செய்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். புகை பிடிப்பவருக்கு இந்தப் பயிற்சி இருமடங்கு தேவை. மருத்துவமனைக் கழிவறையில் ஒளிந்து இழுக்கும் சிகரெட் இத்தனை உழைப்பையும் வீணாக்கிவிடும்.

வலி மாத்திரைகள்

வலியைப் பொறுத்துக்கொள்வதில் வீரம் எதுவும் இல்லை. வலி இருந்தால் மூச்சு ஆழமாக வராது, நடக்க மனம் வராது, தூக்கமும் போய்விடும். முதல் இரண்டு மூன்று நாட்கள் நேரம் தவறாமல் மாத்திரை போடுவது, வலி ஏறியபின் தேடுவதைவிட நல்லது. ஆனால் நம் ஊரில் ஒரு குழப்பம் உண்டு: வெவ்வேறு பெயருள்ள அட்டைகளுக்குள் பாராசிட்டமால் ஒளிந்திருப்பது. டோலோ 650இல் 650 மில்லிகிராம் இருக்கிறது. ஜெரோடால்-பி மாத்திரையில் அசிக்ளோஃபெனாக்குடன் 325 மில்லிகிராம். அல்ட்ராசெட்டில் டிரமடாலுடன் இன்னொரு 325. மூன்றையும் தனித்தனி மருந்து என்று எண்ணி, காய்ச்சலுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று விழுங்கினால் கணக்கு எங்கோ போய்விடும். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அட்டையின் பின்புறம் படித்துக் கூட்டிப் பாருங்கள்.

அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் வகையைச் சிறுநீரக நோயாளிகளும் வயிற்றுப் புண் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. டிரமடால் குமட்டல், கிறுகிறுப்பு, மலச்சிக்கல் மூன்றையும் தரும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்பே சொல்லியாக வேண்டும். மலச்சிக்கலைப் பொறுத்தவரை, மூன்றாம் நாள் வரை காத்திருந்து முக்குவதைவிட, குடல் அறுவை இல்லாதவர்கள் மருத்துவரைக் கேட்டு இசப்கோலோ லாக்டுலோஸோ முதலிலேயே தொடங்கிவிடலாம்.

பித்தப்பை போன்றவற்றை லேப்ராஸ்கோப்பி முறையில் எடுத்தவர்கள், "வயித்துல ஓட்டை போட்டுட்டு தோள்பட்டை ஏன் வலிக்குது?" என்று திகைப்பார்கள். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கரியமில வாயுவும், விரிந்துபோன உதரவிதானமும் அங்குள்ள நரம்பை உறுத்துகின்றன. அந்த நரம்பு கழுத்துப் பகுதியிலிருந்து வருவதால், வலி தோளில் தெரிகிறது. நடந்தால், சூடான ஒத்தடம் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் குறையும். வலியோடு மூச்சுத் திணறலோ வியர்வையோ சேர்ந்தால் அது வாயு என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடக் கூடாது.

வீட்டில் முதல் இரவு

அன்றே வீடு திரும்பும் அறுவைகள் இப்போது பெருகிவிட்டன. வீட்டுக்குப் போவது காரில் இருக்கட்டும். அறுவை முடிந்தவரைப் பைக்கின் பின்னால் துப்பட்டாவால் கட்டி அழைத்துப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குறைந்தது 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டுதல், கேஸ் அடுப்பைத் தனியே பற்றவைத்தல், கைக்குழந்தையைத் தனியே பார்த்துக்கொள்ளுதல், மது அருந்துதல், பத்திரத்தில் கையெழுத்திடுதல் ஆகியவை கூடாது. இதனுடன் இக்காலத்துக்கேற்ற ஒன்றையும் சேர்க்க வேண்டும்: கைப்பேசியில் பணம் அனுப்புவதும், அழைப்பவரிடம் ஓ.டி.பி. எண்ணைச் சொல்வதும் வேண்டாம். டிரமடால் போன்ற மாத்திரை தொடரும் நாட்களிலும் வண்டிச் சாவி மற்றவரிடம் இருப்பதே நல்லது.

முதல் இரவில் ஒருவர் அதே அறையில் படுக்க வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று நின்று வரும் பழக்கம் உள்ளவர்களுக்கு, மிச்சமிருக்கும் மருந்தும் வலி மாத்திரையும் சேர்ந்து அதை அதிகமாக்கும். இவர்கள் மல்லாந்து படுக்காமல், தலைப்பக்கம் உயர்த்தியோ ஒருக்களித்தோ படுக்க வேண்டும். தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைக்காமல் காற்றை அழுத்திச் செலுத்தும் சிபாப் கருவி வைத்திருந்தால் அன்று கட்டாயம் மாட்ட வேண்டும். தூக்க மாத்திரை கூடவே கூடாது. உலுக்கியும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் 108ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஓர் எச்சரிக்கை. சாப்பாடு வழக்கமான அளவுக்கு வராமல் பழைய அளவிலேயே இன்சுலினோ மாத்திரையோ போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். எதை எப்போது மறுபடி தொடங்குவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுத்தவர்களுக்கு, சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. விடாத வாந்தி, வயிற்று வலி, வேக மூச்சு இருந்தால், குளுக்கோமீட்டர் எண் நன்றாக இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

வயதானவர்கள்

அறுவை முடிந்து ஒரு நாள் நன்றாக இருந்த அம்மா, இரண்டாம் நாள் மாலையில் திடீரென்று டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்து, இறந்துபோன தன் தமக்கை வாசலில் நிற்பதாகச் சொல்வார். மகன் கோபப்படுவார், மருமகள் பயப்படுவார், யாராவது ஒருவர் திருநீறு கொண்டு வருவார். திருநீறு பூசுவதால் கேடில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் கேடு. இது அறுவைக்குப் பின் வரும் மனக்குழப்பம், பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில் வரும், பொழுது சாயச் சாயக் கூடும். ஆர்ப்பாட்டம் செய்பவரையாவது எல்லோரும் கவனிக்கிறார்கள். கூரையைப் பார்த்தபடி பேசாமல், சாப்பிடாமல், சதா உறங்கிக் கிடப்பவரை "நல்லா ரெஸ்ட் எடுக்கிறார்" என்று விட்டுவிடுகிறார்கள். அதுவும் இதே குழப்பத்தின் மற்றொரு முகம்தான்.

முதலில் உடலில் ஏதாவது காரணம் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்: சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, கிருமித்தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, ஆக்சிஜன் குறைவு. பிறகு, அரங்குக்குப் போகுமுன் கழற்றி வாங்கி உங்கள் கைப்பையில் போட்ட கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் மூன்றையும் எடுத்து அவருக்கு மாட்டுங்கள். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாமல் புது இடத்தில் விழித்தால் யாருக்கும் குழப்பம் வரும். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும், இரவில் விளக்கைக் குறைத்துத் தூங்க விடுங்கள். இன்று என்ன கிழமை, எந்த ஊர், ஏன் இங்கே இருக்கிறோம் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். கூட்டமாக வந்து நலம் விசாரிப்பவர்களைவிட, பழகிய ஒரே முகம் மாறாமல் பக்கத்தில் இருப்பது மேல். தமக்கை வந்ததாகச் சொன்னால் மறுத்து வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "நான் இங்கதான் இருக்கேன்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டால் போதும். கையைக் கட்டிலோடு கட்டுவதும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்க மாத்திரையைக் கொடுப்பதும் குழப்பத்தை மோசமாக்கும்.

இந்தக் குழப்பம் அநேகமாகச் சில நாட்களில் அடங்கிவிடும். மறதியும் கவனக் குறைவும் அதற்கு மேலும் சிலருக்கு நீடிப்பதுண்டு: அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பல நாடுகளில் பின்தொடர்ந்து 1998இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வில், பெரிய அறுவைக்கு ஒரு வாரம் கழித்து 25.8 சதவீதம் பேருக்கும், மூன்று மாதம் கழித்து 9.9 சதவீதம் பேருக்கும் இத்தகைய தடுமாற்றம் இருந்தது. அதாவது பெரும்பாலோருக்கு இல்லை; இருந்தவர்களிலும் பலருக்கு மூன்று மாதத்தில் மாறிவிட்டது. "மயக்க மருந்து கொடுத்தா மூளை மழுங்கிடும்" என்று பயந்து தேவையான அறுவையைத் தள்ளிப்போட இது காரணமாகாது.

குழந்தைகளும் தாய்மார்களும்

இரண்டு முதல் ஆறு வயதுக் குழந்தைகள் செவோஃப்ளூரேனிலிருந்து விழிக்கும்போது அம்மாவையே அடையாளம் தெரியாதது போல் கத்தி உதைப்பதுண்டு. பெரும்பாலும் அரை மணிக்குள் ஓய்ந்துவிடும்; விழாமல் பிடித்துக்கொண்டு, அமைதியாகப் பேசுவதே வழி. பாலூட்டும் தாய் நன்றாக விழித்து, பிள்ளையைப் பாதுகாப்பாகப் பிடிக்க முடிந்தவுடன் பால் கொடுக்கலாம். ஒரு நாள் முழுதும் பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் கோடீன் உள்ள மருந்துகள் வேண்டாம். தசைத் தளர்வை முறிக்க சுகமாடெக்ஸ் கொடுக்கப்பட்டிருந்தால், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் அடுத்த ஏழு நாட்களுக்கு வேறு தடுப்பு முறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எப்போது திரும்பப் போக வேண்டும்

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், புண் சிவந்து சீழ் வடிந்தால், நனைந்த கட்டு மறுபடி மறுபடி ரத்தத்தில் ஊறினால் அன்றே போகலாம். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் அது நடக்காததால் வந்த பிடிப்பு என்று எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள், உறைந்த கட்டி நகர்ந்துவிடலாம். மார்பு வலி, திடீர் மூச்சுத் திணறல், வாய் கோணுதல் இவற்றுக்கு மறுநாள் புறநோயாளிப் பிரிவு வரை காத்திருக்கக் கூடாது. மற்றபடி வாரக்கணக்கில் தொடரும் அசதி, கலைந்த தூக்கம், விசித்திரக் கனவுகள், காரணமில்லாத அழுகை எல்லாம் தாமாகக் குறைபவை. மயக்கத்தில் இருந்தபோது பேச்சுக்குரல் கேட்டது, அசைய முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், கனவு என்று சிரித்துத் தள்ளாதீர்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வெளியான கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 19,000 பேரில் ஒருவர் இப்படி விழித்திருந்ததாகச் சொல்லியிருக்கிறார். அரிது, ஆனால் நடப்பது. மயக்க மருந்து நிபுணரிடம் நேரில் சொல்ல வைக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கும்போது பில்லை மட்டும் சரிபார்த்துவிட்டு வந்துவிடாமல், மயக்க மருந்து பற்றிய குறிப்பும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் செலுத்தச் சிரமப்பட்டார்களா, எந்த மருந்துக்காவது தடிப்போ மூச்சிரைப்போ வந்ததா, ஸ்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்து கொடுத்தபின் மூச்சு திரும்ப நெடுநேரம் ஆனதா, உடல் சூடு கட்டுமீறி ஏறியதா என்பவற்றை எழுதி வாங்குங்கள். கடைசி இரண்டும் குடும்பவழி வரக்கூடியவை என்பதால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கொடுத்து, அதன் படத்தை எல்லோரும் கைப்பேசியில் வைத்திருக்கச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு அவசர அறுவைக்கு நிற்கும்போது பீரோவில் இருக்கும் கோப்பு கைக்கு வராது.